பின்சீட்டில் அரிசி

சான்டா கிளாராவில் எல் கமீனோ சாலையில் இருந்த இந்தியக் கடையில், அரிசி அடுக்கியிருந்த மூலையில் நின்றுகொண்டு, ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்துக் கீழே வைத்துவிட்டு அடுத்ததைத் தூக்கிக்கொண்டிருந்தேன். எல்லாப் பையிலும் இருபது பவுண்டு என்று அச்சடித்திருந்தது. மூன்றாவது மூட்டை குறைவு. அதைச் சொல்ல எனக்குத் தராசு வேண்டியதில்லை. கோபிசெட்டிபாளையத்தில் எடை அளவு ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சந்தைக்குள் நான் நுழைந்தால் தராசு முட்கள் தாமாகவே நடுவுக்கு வந்து நிற்கும். வெல்ல மண்டியில் ஒரு பழைய தராசு நான் ஓய்வு பெற்ற அன்று அழுதது. மண்டிக்காரர்கள் துணியால் துடைத்தார்கள். இதை என் மருமகள் யாமினியிடம் சொன்னபோது "ஓகே மாமா" என்று சொல்லிவிட்டு மைக்ரோவேவைத் திறந்தாள். அந்த வீட்டில் என் கதைகளுக்குக் கிடைத்த நீளமான பாராட்டு அதுதான்.

"அது கொறையுதுங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. திரும்பினேன். ஐம்பது வயது இருக்கும். கசங்காத சட்டை, கழுத்தில் கம்பெனி அட்டை, ஆனால் நகக்கண்களில் மட்டும் கறுப்பாக எண்ணெய்.

"கொறையுது தம்பி. ரெண்டு கைப்பிடி இருக்கும்."

"நல்லவேளை சொன்னீங்க அங்கிள். எனக்கு எடை கரெக்டா இருக்கோணுங்க. எட்டு மூட்டை வேணும். நீங்களே பொறுக்கித் தர்றீங்களா?"

"எட்டு மூட்டையா? வீட்ல விசேஷமா?"

"இல்லீங்க. ஏரோப்பிளேன்ல பின்சீட்ல வெக்கறதுக்கு."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் சொன்னான். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருஷத்தில் என்னைவிடப் பெரிய பொய்யனைச் சந்தித்துவிட்டேன் என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எட்டு மூட்டையையும் பொறுக்கிக் கொடுத்தேன். அவன் பெயர் சேனாபதி, ஊர் உடுமலைப்பேட்டை. அடுத்த சனிக்கிழமை காலை, விமானத்தைக் காட்ட என்னை அழைத்துப்போக என் மகன் வீட்டு வாசலில் அவன் கார் வந்து நின்றபோதுதான், அவன் சொன்னது நிஜம் என்று தெரிந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

அது தொண்ணூற்றேழு. என் மனைவி புஷ்பவல்லி போன பிறகு மகன் முகிலன் என்னை அழைத்துக்கொண்டான். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த நொடியில் உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் புத்தி பேதலித்துவிடும் என்று அப்போது ஒரு பேச்சு. என் மகன் அதைத் தடுத்துக்கொண்டிருந்தான். உலகத்தைக் காப்பாற்றுகிறவனிடம் சாப்பிட வருவாயா என்று கேட்க முடியாது. யாமினிக்கும் அதே மாதிரி வேலை. காலையில் கராஜ் கதவு இரண்டு தரம் திறந்து மூடும்; அதற்குப் பிறகு சாயங்காலம்வரை அந்த வீட்டில் பேசுவது ஃப்ரிட்ஜ் மட்டும்தான். அதுவும் ஒரே விஷயத்தைத்தான் பேசும். தெருவில் நடந்தால் நான் ஒருவன்தான் நடப்பேன். ஒருநாள் போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் காரை நிறுத்தி, வழி தவறிவிட்டீர்களா என்று கேட்டார். நல்ல மனிதர். அவரை நான் முக்கால் மணி நேரம் விடவில்லை.

ஆகவே சனிக்கிழமை என்றால் எனக்கு விடிவதற்கு முன்பே விடிந்துவிடும். சேனாபதி காரில் ஃப்ரீவே பிடித்துக் கிழக்கே போனால், மலை மேல் நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் நிற்கிற கணவாய் வரும். அதைத் தாண்டி இறங்கினால் வெயில் வேறு, நிறம் வேறு. காய்ந்த புல், தகரக் கொட்டகைகள், ஒரு சின்ன ஓடுபாதை. நான்காவது கொட்டகைக்குள் நின்றது அவன் விமானம். ஒரு காலத்தில் கடற்படைப் பையன்கள் ஓட்டக் கற்றுக்கொண்ட விமானமாம். ஒருவர் பின் ஒருவராக இரண்டு சீட்டு. அதை வாங்கி, இறக்கையின் நுனிகளை வெட்டி, ஆட்கள் தலைக்கு மேல் இருந்த கண்ணாடிக் கூண்டைத் தாழ்த்தி, எஞ்சினைப் பிரித்து உசுப்பேற்றிப் பந்தய விமானமாக்கியிருந்தான். நெவாடாவில் பாலைவனத்து நடுவில் செப்டம்பர்தோறும் பந்தயம் நடக்கும். தரையை உரசாத குறையாக, நட்டு வைத்த கம்பங்களைச் சுற்றிச் சுற்றிப் பறக்க வேண்டும். நம் ஊர் ரேக்ளா வண்டிக்கு இறக்கை முளைத்த மாதிரி.

ஆனால் அதற்கு முன்னால் விதிகள் இருந்தன. விதி என்றால் எனக்கு வாயில் தண்ணீர் ஊறும். சேனாபதி விளக்கியதை நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். விமானம் கம்பெனி செய்தபடியே இருந்தால் ஒரு கணக்கு. இறக்கையில் ஒரு சாண் வெட்டினாலும் அது வேறு விமானம். வானத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று அதைப் பெற்றவர்களுக்கே தெரியாது. அதனால் அதிகாரி வந்து பார்த்து, வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுப்பார். இந்த வட்டத்துக்குள்ளேயே பற. ஜனங்கள் குடியிருக்கிற இடத்துக்கு மேலே போகாதே. இத்தனை மணி நேரம் இப்படியே பறந்து, மெதுவாகப் போனால் என்ன செய்கிறது, வேகமாகப் போனால் எங்கே நடுங்குகிறது என்று படிப்படியாகப் பார். பார்த்து முடிக்கிறவரை உன்னோடு வேறு யாரையும் ஏற்றாதே. செத்தால் நீ மட்டும் சாவு என்பதை ஒரு அரசாங்கம் இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது. எங்கள் இலாகாவில் இவ்வளவு அழகான விதி ஒன்றுகூடக் கிடையாது.

இதில் ஒரு சிக்கல். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தால் விமானம் எப்படி இருக்கும் என்றும் சோதிக்க வேண்டும், ஆளையும் ஏற்றக்கூடாது. அதனால் ஆள் எடைக்கு மூட்டை. முதலில் மணல் மூட்டைதான் வைத்தானாம். வானத்தில் ஒன்று கிழிந்து, மணல் தரைத் தகட்டுக்கு அடியில் ஓடி, கம்பிகளுக்கிடையில் புகுந்து, ஒரு மாதம் உட்கார்ந்து துடைத்தான். அதற்குப் பிறகுதான் அரிசி. இரட்டைத் தையல் போட்ட துணிப்பை, அச்சடித்த எடை, பெல்ட் போட்டுக் கட்டினால் அசையாது. பக்கத்துக் கொட்டகை வால்ட் என்ற கிழவர், என் வயதுக்காரர், அவரும் பெண்டாட்டி இல்லாதவர், நாங்கள் போகிற நாளெல்லாம் ஒரு தடவை எட்டிப் பார்த்து, உங்கள் பயணிக்கு வணக்கம் என்று அரிசிக்குத் தொப்பியைத் தூக்குவார். பறந்து முடித்த பழைய மூட்டைகளை நான் வீட்டுக்கு எடுத்துப்போவேன். தலைகீழாகப் பறந்த அரிசியை வடித்தால் சாதம் தட்டில் ஓர் அங்குலம் மேலே நிற்கும், கையால் அமுக்கித்தான் பிசைய வேண்டும். யாமினியிடம் சொன்னேன். "ஓகே மாமா."

மூட்டைகளைக் கட்டும்போது ஒரு நாள் கேட்டேன். "இது யாரு எடை, தம்பி? உங்க எடை இல்ல, என் எடையும் இல்ல."

பெல்ட்டை இறுக்கிக்கொண்டே சொன்னான். "சாந்தாமணியோடதுங்க. என்ற சம்சாரம். சுகர் லேண்ட்ல இருக்குது. டெக்சஸ்."

"ஓ."

"ஆறு வருசத்துக்கு முன்னாடி கேட்ட எடைங்க. இப்ப எப்பிடியோ."

அந்தப் பெண்ணுக்கு ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்துப் போனபோது, இரண்டு மாதத்தில் நானும் வந்துவிடுகிறேன், இந்த விமானத்தின் சோதனை மணிகள் மட்டும் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறான். வட்டத்தைத் தாண்டி விமானத்தைக் கொண்டுபோக முடியாது அல்லவா? மணிகள் முடிந்தால் முதல் சவாரி உனக்கு, அப்புறம் விமானத்தை நானே டெக்சஸுக்கு ஓட்டிக்கொண்டு வருவேன், அங்கே இல்லாத வேலையா என்பது பேச்சு. பொய்யில்லை. நான் பொய்யைத் தூரத்திலிருந்தே மோப்பம் பிடிப்பவன்; அது சுத்தமான நிஜம். மணிகள் முடிய இரண்டு மூன்று இருக்கும்போது ஒரு புது யோசனை வரும், அவ்வளவுதான். எஞ்சின் மூக்கை மாற்றினால் இன்னும் கொஞ்சம் வேகம் கிடைக்கும். மாற்றுவான். மாற்றினால் அது வேறு விமானம். அதிகாரிக்குச் சொல்ல வேண்டும், அவர் புதிதாக மணி சொல்வார், வட்டம் அங்கேயே நிற்கும், பின்சீட்டில் அரிசி. இப்படி ஒவ்வொரு செப்டம்பரும் வந்து போனது. உலகத்திலேயே ஆபத்தில்லாத பந்தய விமானம் இதுதான், பந்தயத்துக்கே போனதில்லை என்பார் வால்ட். சேனாபதியும் சிரிப்பான். பிறகு டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு விமானத்துக்கு அடியில் படுத்துக்கொள்வான்.

நான் போய்ச் சேர்ந்த சில மாதத்தில் என் காதும் இந்த விவகாரத்துக்குள் வந்துவிட்டது. ஓடுபாதை மேல் அவன் வேகமாகப் போனபோது, வால் பக்கம் தகரம் துடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, சொன்னேன். பிரித்துப் பார்த்தால் ஒரு மூடித்தகட்டின் திருகு கழன்றிருந்தது. அதிலிருந்து என் காதுக்கு அந்தக் கொட்டகையில் பெரிய மரியாதை. ஒவ்வொரு தடவை இறங்கியதும், "சத்தம் ஏதாச்சும் கேட்டுதுங்களா?" என்பான். இல்லை என்பேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்பான். எனக்குக் கேட்காத சத்தமெல்லாம் அவனுக்குக் கேட்க ஆரம்பித்தது. இறக்கையின் வேரில் ஒரு நாள், சக்கர மூடியில் ஒரு நாள்.

அடுத்த வசந்தத்தில், நன்றாக இருந்த புரொப்பெல்லரைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டுவிட்டேன். "அது நல்லாத்தானே ஓடுச்சு?"

"இது போட்டா இன்னும் நாலு மைல் ஸ்பீடு வருமுங்க."

"வந்து?"

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். வெளியே யாரோ ஒரு சின்ன விமானத்தை ஓடுபாதையில் இறக்குவதும் ஏற்றுவதுமாகப் பழகிக்கொண்டிருந்தார்கள். அது நான்கு தடவை இறங்கி ஏறுகிறவரை துணியால் விரல்களைத் துடைத்தான். பிறகு புரொப்பெல்லரைப் பார்த்துச் சொன்னான். "அங்க போயி என்ன பேசறதுன்னே தெரியலீங்க அங்கிள். போன்ல பேசறதுக்கு வாரத்துக்கொருக்கா ஏதோ விசயம் கெடைக்குது. ஒரே வீட்ல இருந்தா தெனம் வேணுமில்லீங்க?"

பெரிய மனிதன் மாதிரி நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கும் சனிக்கிழமை வேண்டியிருந்தது. புரொப்பெல்லரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டு ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை கார் வந்தபோது முன்சீட்டில் ஆள் இருந்தது. நான் கதவைத் திறந்துவிட்டுப் பார்த்து, மறுபடியும் மூடிவிட்டுப் பின்சீட்டில் ஏறினேன். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். தலையில் பாதி நரை, அதற்குச் சாயம் அடிக்கவில்லை. ஷூவில் புதுக் கயிறு. ஒரு பார்வையில் எனக்குத் தெரிந்துவிட்டது: எட்டு மூட்டை இல்லை, ஏழுதான்.

"நீங்கதான் அரிசி எடை போடறவருங்களா?"

"அரிசி மட்டுமில்லம்மா. கோபி மஞ்சள் மண்டியில ஈ உக்காந்தா ஈயோட எடையைக் கழிச்சுச் சொல்வேன். ரெண்டு ஈ உக்காந்தா எது ஆண், எது பெண்ணுன்னும் சொல்வேன்."

"எப்பிடீங்க?"

"பொண்ணு சீக்கிரம் எந்திரிச்சுப் போயிரும். வேலை இருக்குமில்ல."

அவள் சத்தமாகச் சிரித்தாள். சேனாபதி ரோட்டைப் பார்த்தபடி ஓட்டினான். கணவாயில் அன்றைக்குக் காற்றே இல்லை. காற்றாலைகள் கையை விரித்துக்கொண்டு சும்மா நின்றன. ஒரு மணி நேரப் பயணத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது, ஏசியைக் குறைக்கட்டுமா, வேண்டாம். மீதியெல்லாம் நான்தான். மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை. நிறுத்தினால் அந்தக் காருக்குள் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

சோதனையில் பாக்கி ஒரே ஒரு மணி நேரம். கொட்டகைக்குள் நுழைந்ததும் மேசையில் துணி போட்டு மூடியிருந்ததைப் பார்த்தேன். துணி முழுவதும் மூடவில்லை. வாலின் மேல்நுனிக்கு மாட்டுகிற மூடி. புதிது, பளபளவென்று இருந்தது, பழையதைவிடக் கொஞ்சம் குட்டையாக. அதைப் பார்த்ததை சேனாபதி பார்த்தான். மூட்டைகளைக் கட்டும் சாக்கில் என்னை விமானத்தின் மறுபக்கம் அழைத்துப் போனான்.

"போன வாரம் வாலுக்கிட்ட ஒரு சத்தம் வந்த மாதிரி இருந்துதுங்க. கடைசில ஓடுபாதை மேல ஒருக்கா ஃபுல் ஸ்பீடுல வர்றேன். நீங்க நல்லா கேளுங்க. உங்க காது சொன்னா அதுதான்."

"சொன்னா?"

"சொன்னா, மாத்தாம எப்பிடீங்க பறக்கறது? சேஃப்டி இல்லீங்களா?"

மாற்றினால் மறுபடி அதிகாரி, மறுபடி மணிகள், மறுபடி சனிக்கிழமைகள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியில் வியர்வை. இந்த மனிதன் தலைகீழாக விமானம் ஓட்டுவான்.

அவன் கிளம்பிப் போனதும், கொட்டகை நிழலில் மடக்கு நாற்காலி இரண்டைப் போட்டு நானும் சாந்தாமணியும் உட்கார்ந்தோம். விமானம் தெற்கே மலைப்பக்கம் போய்ப் புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போனது. ஒரு வெல்ல வியாபாரி வீட்டுப் பூனை தராசுத் தட்டில் படுத்தே வளர்ந்து, கடைசியில் அதையே எடைக்கல்லாகப் பயன்படுத்தின கதையைச் சொன்னேன். முத்திரை நானேதான் அடித்தேன், காதில். அவள் சிரித்துவிட்டு, புள்ளி போன திசையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எட்டு மூட்டை அரிசிக்குக் கெடச்ச எடம் எனக்குக் கெடைக்கலீங்க."

நாக்கு நுனியில் வைத்திருந்த அடுத்த கதையை விழுங்கினேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு அபூர்வம் என்று தெரியும்.

"சண்டையெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. அவரு நல்ல மனுசன். சத்தம் போட்டுக்கூடப் பேச மாட்டாரு. டிக்கெட் போட்டுப் போட்டு எனக்குச் சலிச்சுப் போச்சு, அவ்வளவுதான். அங்க ஒரு வீடு பாத்திருக்கேன். சின்னது. ஒரு ஆளுக்குப் போதும். திங்கக்கிழமை சைன் பண்ணோணும். இன்னிக்கு இந்த டெஸ்ட் முடிஞ்சா சைன் பண்ண மாட்டேன். முடியலைன்னா இனி நான் இங்க வர்றதா இல்லீங்க."

"அவருகிட்டச் சொன்னியா கண்ணு?"

"நேத்தே சொல்லிட்டனுங்க. பூராவும் கேட்டாரு. கேட்டுட்டு எந்திரிச்சு, கார் டயர்ல காத்து பாக்கப் போயிட்டாரு."

"நீங்க திங்கக்கிழமை என்ன பண்ணுவீங்க, ஐயா?" என்று கேட்டாள். யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஸ்டான்ஃபோர்டில் எடைகளைப் பற்றிப் பாடம் நடத்தப் போவேன் என்றேன். மாணவர்கள் கூட்டம் தாங்காமல் கதவைச் சாத்திவிடுவார்கள் என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டினாள், எலுமிச்சை சாதம். இரண்டு பேரும் அதே டப்பாவிலிருந்து சாப்பிட்டோம்.

பிறகு அது வந்தது. முதலில் சத்தம் வரவில்லை, உருவம்தான் வந்தது. ஓடுபாதையின் அந்தக் கோடியில் தாழ இறங்கி நேராக வந்தது. எங்கள் முன்னால் கடக்கும்போது நாற்காலி, நெஞ்செலும்பு, தகரக் கூரை எல்லாம் ஒரே சுருதியில் அதிர்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எஞ்சின் கேட்டது. காற்று கிழிவது கேட்டது. வாலைத் தேடினேன். நன்றாகத் தேடினேன், கேட்க வேண்டும் என்று விரும்பியே தேடினேன். அது ஒரு முழுத் துணியைக் கத்தரிக்கோலை நிறுத்தாமல் வெட்டிக்கொண்டு போகிற மாதிரி சுத்தமாகப் போய் மறைந்தது.

இறங்கி உருட்டிக்கொண்டு வந்து கொட்டகை வாசலில் நிறுத்தினான். எஞ்சின் அணைந்த பிறகும் சூட்டில் டிக் டிக் என்று கேட்டது. வால்ட் கிழவரும் வந்து நின்றார். சேனாபதி கூண்டைத் திறந்து, தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். இறங்கவில்லை. மனைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தான்.

"கேட்டுதுங்களா, அங்கிள்?"

ஒரே ஒரு சொல். 'லேசாக' என்று சொன்னால் போதும். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் அது மிகவும் சின்னது; யாருக்கும் உயிர் போகாது, யார் எடையும் குறையாது, அடுத்த சனிக்கிழமை காலை வாசலில் கார் வந்து நிற்கும். அவன் கண்ணிலும் அதே சொல் நின்றது. கடன் கேட்கிறவன் மாதிரி பார்த்தான். வாயைத் திறந்தேன். எதைச் சொல்லப்போகிறேன் என்று, சத்தியமாக, எனக்கே தெரியாது.

"ஒண்ணும் கேக்கலை, தம்பி."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டேன். சுத்தமா இருக்குது. வாலுக்கு ஒரு கொறையும் இல்லை."

அவன் தோள் இறங்கியது. அது ஏமாற்றமா ஆறுதலா என்று எடை போட என்னிடம் கல் இல்லை.

சாந்தாமணி எழுந்து வந்து என் எதிரில் நின்றாள். ஈயும் பூனையும் ஸ்டான்ஃபோர்டும் அவள் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. "இது நெசமாங்களா, ஐயா?"

"நெசம்."

"உங்க மகளா இருந்தா இதுல ஏறச் சொல்வீங்களா?"

"எனக்கு மகள் இல்லம்மா. ஒரு பையன்தான். அவனும் வீட்ல இருக்கறதில்ல."

"காலைல இருந்து நீங்க சொன்னதுல இதுதான் மொத நெசம்" என்றாள். பிறகு இறக்கையில் கால் வைத்து ஏறி, பின்சீட்டு பெல்ட்டைத் தானே அவிழ்த்து, முதல் மூட்டையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

சேனாபதி இறங்கினான். சோதனை முடிந்தது, விதித்த வேகத்தில் விமானம் ஒழுங்காக நடந்துகொண்டது என்று ஓட்டியவனே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், போட்டான். பேனா எழுதவில்லை என்று ஒரு தடவை சொன்னான். வால்ட் தன் பேனாவைக் கொடுத்தார். சாந்தாமணி பின்சீட்டில் உட்கார்ந்ததும், வால்ட் அவள் தோள் பெல்ட்டுகளைப் பூட்டி, பாரசூட்டை எப்படித் திறப்பது என்று சொல்லிக் கொடுத்து, தலைக்கவசத்தை மாட்டிவிட்டார். இந்தத் தடவை தொப்பியைத் தூக்கவில்லை. கழற்றியே கையில் வைத்துக்கொண்டார்.

சேனாபதி முன்சீட்டில் ஏறும்போது என் தோளைத் தொட்டான். ஏதோ சொல்ல வந்தவன், "வெயில்ல நிக்காதீங்க அங்கிள்" என்றான். கூண்டு மூடியது. புரொப்பெல்லர் நாலு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

அவர்கள் உருண்டு போனபிறகு நாற்காலிகளை மடக்கினேன். மடக்கி முடித்ததும் ஒன்றைத் திரும்ப விரித்தேன். கார் சாவி அவன் சட்டைப்பையில் இருக்கிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கையில் இருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது. வேண்டுமானால் தான் கொண்டுபோய் விடுவதாக வால்ட் சொன்னார். எனக்கு அவசரமில்லை என்றேன். தனக்கும் இல்லை என்றார். அடுத்த சனிக்கிழமையைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

விமானம் ஓடுபாதையின் முனைக்குப் போய் நின்றது. கிளம்புவதற்கு முன்னால் அங்கே நின்று எஞ்சினை ஒரு தடவை முறுக்கிப் பார்ப்பார்கள். அதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். முறுக்கிப் பார்த்தான். சத்தம் தணிந்தது. அதற்குப் பிறகும் நின்றது. பின்னால் ஒரு வெள்ளை விமானம் வந்து வரிசையில் நின்றது, அதற்குப் பின்னால் இன்னொன்று. மேலேயிருந்து ஒன்று இறங்கி ஓடி ஒதுங்கியது, பாதை காலியானது. அவன் நகரவில்லை. வெயிலில் கண்ணாடிக் கூண்டு மின்னியதில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டு தலைகள் தெரிந்தன. பின்னாலிருந்த தலை நேராக இருந்தது. முன்னாலிருந்தது மெல்லப் பக்கவாட்டில், அவள் பக்கம் திரும்பியது. தோளில் பட்டை இறுக்கியிருந்தால் அவ்வளவுதான் திரும்ப முடியும். அப்படியே நின்றது. புரொப்பெல்லர் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் காற்றில், விமானத்துக்குப் பின்னால் வேலிவரைக்கும், காய்ந்த புல் முழுவதும் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கிடந்தது.